நம்பர் பிளேட்டின் இரண்டெழுத்து

திருக்கழுக்குன்றத்தில் ஏறி மறைமலைநகரில் இறங்கும் எங்கள் கம்பெனி பஸ்ஸில் இப்போது பேச்சே இல்லை. ஆளுக்கொரு போன், காதில் ஒரு வயர். முன்னால் போகிற வண்டியின் முதுகை யாரும் பார்ப்பதில்லை. போன வருஷம் வரைக்கும் அந்த முதுகைப் பார்த்துக்கொண்டேதான் வேலைக்குப் போனோம். அதற்குக் காரணமாக இருந்தவர் தர்மராஜ் அண்ணன். பெரிய மனிதர்களைப் பற்றி எழுத நிறையப் பேர் இருக்கிறார்கள். இவரைப் பற்றி நான் எழுதாவிட்டால் யாரும் எழுதப் போவதில்லை.

விளையாட்டு இதுதான். எந்த வண்டியானாலும் நம்பர் பிளேட்டில் மாநிலமும் ஊர் நம்பரும் முடிந்த பிறகு இரண்டு இங்கிலீஷ் எழுத்து இருக்கும். டிரைவர் ராமதாஸ் முன்னால் போகிற வண்டியைப் பார்த்து அந்த இரண்டு எழுத்தையும் கத்துவார். அந்த எழுத்துகள் அதே வரிசையில் வருகிற ஒரு வார்த்தையைச் சொல்ல வேண்டும். தமிழில் அர்த்தமும் சொல்ல வேண்டும். மூன்றெழுத்து வார்த்தை, மிஞ்சினால் நாலு. சொல்லத் தெரியாதவன் சீட்டை விட்டு எழுந்து, இன்னொருத்தன் தோற்கும் வரைக்கும் கம்பியைப் பிடித்து நிற்க வேண்டும். சிங்கப்பெருமாள் கோயில் நெரிசலில் பஸ் நகராமல் கிடக்கும்போது பாதிப் பேர் ஒரு முறையாவது எழுந்து நின்றிருப்போம்.

"நீளமான வார்த்தை ஏண்ணே கூடாது?" என்று வேலைக்குச் சேர்ந்த புதிதில் கேட்டேன்.

"நீட்டா இருந்தா எவன் வேணா புளுகிடுவான், தம்பி. மூணெழுத்துல புளுக முடியாது," என்றார் தர்மராஜ் அண்ணன். சட்டம் போட்டவரே அவர்தான்.

ஒரு நாள் பரனூர் தாண்டிப் போகிறோம். முன்னால் ஒரு கேஸ் லாரி. "ஈ, டபிள்யூ!" என்று ராமதாஸ் குரல் கொடுத்தார்.

"நியூ! புதுசு!" என்று முந்திக்கொண்டான் சீனு. அடுத்த ஊர்க்காரன், தர்மராஜ் அண்ணனோடு ஒரே லைனில் வேலை. அவனுக்குத் தெரிந்ததே பத்துப் பதினைந்து வார்த்தைதான். பாதி நாள் நின்றுகொண்டேதான் வருவான்.

"அத்த எல்.கே.ஜி. புள்ள கூட சொல்லும். சரி, ஒக்காரு, பொழச்சிப் போ," என்றார் அண்ணன். பிறகு கண்ணை மூடிக்கொண்டு ஆரம்பித்தார். "டியூ, பனித்துளி. ஃபியூ, கொஞ்சம். ஹியூ, வெட்றது. பியூ, சர்ச்சுல ஒக்கார்ற பெஞ்சி. ஸ்யூ, தைக்கறது. மியூ, பூனை கத்தறது."

"இன்னா அண்ணாத்த, பூனை கத்தறதுக்கெல்லாமா ஒரு வார்த்தை வெச்சிகினு கீறானுங்க?" என்றான் சீனு.

"வெள்ளக்காரன் வூட்டுப் பூனைடா அது. பின்ன, தமிழ்லயா கத்தும்?"

பஸ்ஸே சிரித்தது. நான் சும்மா இருந்திருக்கலாம். "தைக்கறதுக்கு ஸ்யூ இல்லண்ணே, ஸோ," என்றேன்.

"அப்ப டபிள்யூ எங்க போச்சி?" என்றார் அண்ணன்.

"அத வாயில சொல்ல மாட்டாங்க."

"வாயில சொல்லாதத கையில எதுக்கு எழுதறான்? ராமதாஸ் அண்ணாத்த, இவன் காலேஜ்ல துட்டு வாங்கிகினு தப்பா சொல்லிக் குடுத்துட்டாங்கோ, பாத்தியா!"

மறைமலைநகர் வரைக்கும் என்னை ஓட்டிக்கொண்டே வந்தார்கள். எங்கள் வம்சத்தில் பட்டமளிப்பு அங்கி போட்ட முதல் தோள் என்னுடையது. அந்தப் போட்டோவை எங்கள் அம்மா சாமி படங்களின் வரிசையில் மாட்டி, வெள்ளிக்கிழமை அதற்கும் சேர்த்துக் கற்பூரம் காட்டுகிறாள். அந்தப் பெருமை எனக்கு இன்னும் உண்டு. ஆனால் அந்த பஸ்ஸுக்குள் பட்டம் செல்லாது. அங்கே ராஜா ஒருவர்தான். டிரைவருக்குப் பின்னால் இருக்கிற ஜன்னல் சீட்டு அவருடையது. அதுவரைக்கும் அதிலிருந்து அவர் எழுந்து நின்று நான் பார்த்ததே இல்லை.

தர்மராஜ் அண்ணனும் என் ஊர்தான். திருக்கழுக்குன்றத்திலிருந்து மாமல்லபுரம் போகிற ரோட்டில் கொஞ்சம் உள்ளே தள்ளி இருக்கிறது. என்னை விடப் பத்து வயதுக்கு மேல் மூத்தவர். அவருடைய அப்பா குத்தகைக்குப் பயிர் வைத்தவர். நிலத்துக்காரர்கள் மனை போட்டு விற்றதும் குத்தகை போய், கட்டட வேலைக்குப் போனார்.

நாங்கள் இரண்டு பேரும் படித்த பள்ளிக்கூடத்தில் இங்கிலீஷ் என்றால் ஸ்பெல்லிங்கும் மீனிங்கும்தான். முதலில் வார்த்தையை மனப்பாடம் செய், பிறகு பாடம் தானாகப் புரியும் என்பார்கள். வார்த்தை முடிவதற்குள் வருஷம் முடிந்துவிடும். அடுத்த வகுப்பில் மறுபடியும் வார்த்தை. பாதிப் பிள்ளைகள் அதற்குப் பயந்தே ஆடு மேய்க்கப் போனார்கள். தர்மராஜ் அண்ணனுக்கு மட்டும் அது பிடித்துப்போனது. அகர வரிசையில் படித்தால் மறக்கிறது என்று தனக்கென்று ஒரு வழி கண்டுபிடித்தார். ஒரே எழுத்துகள் வருகிற வார்த்தைகளையெல்லாம் சேர்த்து மனசுக்குள் ஒரு முளையில் கட்டிவிடுவார். ஒரு மாட்டை அவிழ்த்தால் மற்றவை எழுந்து நிற்கும். "ஏ, எக்ஸ்" என்றால் டேக்ஸ் வரி, வேக்ஸ் மெழுகு, ஆக்ஸ் கோடாலி, லேக்ஸ் கண்டிப்பு இல்லாதது என்று ஒன்றன் பின் ஒன்றாக வரும்.

ப்ளஸ் டூவில் இங்கிலீஷில் தட்டுத் தடுமாறித்தான் பாஸ். அந்தப் பரீட்சையில் வார்த்தையைக் கேட்கவில்லை, கட்டுரையைக் கேட்டார்கள் என்று அவரே சொல்வார். செங்கல்பட்டில் ஐ.டி.ஐ. ஃபிட்டர் முடித்தார். கார்களுக்குப் பிரேக் பாகம் செய்கிற எங்கள் கம்பெனிக்குக் கான்ட்ராக்டில் வந்தார். கான்ட்ராக்ட்காரர்களுக்குச் சந்தனக் கலர் சட்டை, பர்மனெண்டுகளுக்கு நீலச் சட்டை. பதினோரு வருஷம் அவர் சந்தனக் கலரிலேயே இருந்தார்.

அவருக்குப் பெண் பார்த்தபோது தரகர் பெண் வீட்டில் சொன்னது, "ஆறு மாசத்துல பர்மனெண்ட் ஆய்டும், மாப்ள கம்பெனி ஸ்டாஃபு." பெண் ஜெயப்பிரியா. வீட்டில் ரவிக்கை தைக்கிறவர். பள்ளிக்கூடத்தில் பேச்சுப் போட்டியில் பரிசாக வாங்கிய இங்கிலீஷ் தமிழ் அகராதி ஒன்றைத் தையல் மிஷினோடு சேர்த்துக் கொண்டுவந்தார். "சீர் வரிசையில எனக்குப் புடிச்சது அது ஒண்ணுதான்," என்று அண்ணன் பஸ்ஸில் சொல்லிச் சிரிப்பார். ஆறு மாசம் போய் வருஷங்கள் போயின. ஒவ்வொரு பண்டிகைக்கும் மாமியார் போனில் கேட்கிற முதல் கேள்வி, "மாப்ளைக்குச் சட்டை மாறிச்சா?" பொங்கலுக்கும் அதே கேள்வி, ஆடி கிருத்திகைக்கும் அதே கேள்வி. கேட்டுக் கேட்டு அந்தப் பேச்சு எங்கள் பஸ்ஸிலும் ஏறிவிட்டது. யாராவது ரொம்ப நாள் காத்திருக்கிற விஷயம் என்றால், "இன்னும் சட்டை மாறல" என்போம்.

போன வருஷம் சித்திரையில் நோட்டீஸ் போர்டில் ஒரு அறிவிப்பு வந்தது. இரண்டு டீம் லீடர் வேலை. கான்ட்ராக்ட்காரர்களிலிருந்தே எடுக்கப்போகிறார்கள், எடுத்ததும் பர்மனெண்ட். வெளிநாட்டு ஆட்கள் லைனைப் பார்க்க வரும்போது விளக்கிச் சொல்ல வேண்டும், அதனால் நேர்காணல் இங்கிலீஷில். வயது முப்பத்தைந்துக்குள்.

தர்மராஜ் அண்ணனுக்கு ஆடியோடு அந்த வயது தாண்டுகிறது. இதை விட்டால் அப்புறம் சட்டை மாறவே மாறாது. பஸ்ஸில் எல்லோருக்கும் இது தெரியும். தெரிந்தும் யாருக்கும் கவலை இல்லை. இங்கிலீஷ் நேர்காணல் என்றால் அவரைத் தவிர வேறு யார்?

"ரெண்டு வேலைல ஒண்ணு ஒன்னுது, எழுதி வெச்சிக்கோ," என்றார் ராமதாஸ். "பர்சனல் மேடம் ஒரு வார்த்தை கேட்டா நீ ஒம்போது வார்த்தை சொல்லுவ. அவங்களே எழுந்து நிக்கணும்."

"இன்னொண்ணு?" என்று கேட்டான் சீனு.

"நீ வேணா போய்ப் பாரு. நியூன்னா புதுசு, பைன்னா வாங்கறது, ரெண்டையும் சொல்லிட்டு வா," என்றார் ராமதாஸ்.

நான் ஸ்டோர்ஸ் ஆபீஸில் வேலை செய்கிறவன். இந்த மாதிரி நேர்காணல் எப்படி நடக்கும் என்று எனக்குத் தெரியும். கல்லூரியில் கடைசி வருஷம் எங்களுக்குப் பயிற்சி கொடுத்தார்கள். முதல் கேள்வி உங்களைப் பற்றிச் சொல்லுங்கள் என்பதுதான். இரண்டாவது, இந்த வேலை உங்களுக்கு ஏன் வேண்டும். இந்த இரண்டுக்கும் ஒரு பத்தி எழுதி, தூக்கத்தில் எழுப்பினாலும் சொல்கிற மாதிரி ஆக்கிவிடுவார்கள். எனக்கு வார்த்தைகள் குறைவுதான். அந்தப் பத்திதான் எனக்கு நாற்காலி வாங்கிக் கொடுத்தது.

அதைத் தர்மராஜ் அண்ணனுக்காகக் கொஞ்சம் மாற்றி, அவர் போனுக்கு அனுப்பினேன். மறுநாள் பஸ்ஸில் படித்துக் காட்டச் சொன்னேன். அவர் போனை ஒரு பார்வை பார்த்துவிட்டுச் சட்டைப் பைக்குள் போட்டுக்கொண்டார்.

"எனக்கு எதுக்கு தம்பி இது? வூடு நெறைய நெல்லு மூட்டை அடுக்கி வெச்சிகினு கீறேன். சோறாக்கத் தெரியாதா?"

"நெல்லு வேற, சோறு வேறண்ணே."

"நெல்லு இல்லாதவன்தான் ஓட்டல்ல பொட்டலம் வாங்கணும்."

பின் சீட்டிலிருந்து சீனு கையை நீட்டினான். "அந்தப் பொட்டலத்த எனக்கு அனுப்பு மச்சான். நான் தின்னுக்கறேன்."

அனுப்பினேன். அன்று முதல் அவன் விளையாட்டில் சேரவில்லை. தோற்றதாகவே வைத்துக்கொண்டு, நின்றபடியே அதை முணுமுணுத்துக்கொண்டு வந்தான். "செல்ஃப் மோட்டிவேட்டட்னா இன்னாடா?" என்று ஒருமுறை கேட்டான். நான் சொல்ல வாயெடுப்பதற்குள், "வோணாம், வுடு. அர்த்தம் தெரிஞ்சா அதுலயே மாட்டிக்குவேன்," என்று கையமர்த்தினான். எல்லோரும் சிரித்தார்கள். தர்மராஜ் அண்ணன்தான் அதிகமாகச் சிரித்தார்.

அந்த நாட்களில் அவருக்கு இருந்த சந்தோஷத்தைப் பதினோரு வருஷத்தில் யாரும் பார்த்ததில்லை. பிளேட்டில் வராத எழுத்துகளையும் தேடித் தேடிப் படித்தார். கியூ வந்து பின்னால் யூ வராத வார்த்தைகள் உண்டு என்று ஒரு காலையில் பஸ்ஸில் ஏறும்போதே அறிவித்தார். இஸட்டில் முடிகிறவை எல்லாவற்றையும் ஒரே மூச்சில் சொல்லிக் கைதட்டல் வாங்கினார். ஒரு வெள்ளிக்கிழமை விடியலில் திருக்கழுக்குன்றத்து வேதகிரி மலை ஏறிக் கும்பிட்டுவிட்டு, நெற்றி நிறைய விபூதியோடு வந்து பஸ்ஸைப் பிடித்தார்.

ஜெயப்பிரியா அண்ணி பின்னால் எனக்குச் சொன்னது இது. நேர்காணலுக்கு முதல் நாள் சாயங்காலம், சட்டைக்கு இஸ்திரி போட்டுக்கொண்டே அவரிடம், "அந்தம்மா மாதிரி என்னை நெனச்சிக்கினு ஏங்கிட்ட இங்கிலீஷ்ல பேசேன், கேப்போம்," என்றிருக்கிறார்.

"இன்னா பேசறது?"

"எதனா பேசு. பசிக்குது, சோறு போடுன்னு கேளு."

அவர் கொஞ்ச நேரம் யோசித்துவிட்டு, "ஃபுட்," என்றிருக்கிறார்.

"அவ்ளோதானா?"

"புரிஞ்சிச்சில்ல? அவ்ளோதான்."

அண்ணி சிரித்துக்கொண்டே சோறு போட்டாராம். "அப்பவே எனக்குத் தெரிஞ்சிப்போச்சி, கார்த்தி. ஆனா நாளைக்குப் போறவர்கிட்ட இன்னாத்த சொல்றது?"

மறுநாள் நேர்காணல் எங்கள் ஸ்டோர்ஸ் ஆபீஸுக்கு எதிரே இருக்கிற கண்ணாடி அறையில் நடந்தது. கேட்டவர் பர்சனல் பிரிவு ரோகிணி மேடம். கடுகடுத்த ஆள் இல்லை, எல்லோரையும் வாங்க போங்க என்று பேசுகிறவர். சீனு உள்ளே போனான், சீக்கிரமே வந்துவிட்டான். கண்ணாடி வழியாகப் பார்த்தபோது கோயிலில் மந்திரம் சொல்கிறவன் மாதிரி தலையை ஆட்டி ஆட்டி ஒப்பித்துக்கொண்டிருந்தான். பிறகு தர்மராஜ் அண்ணன் போனார். எனக்கு அவருடைய முதுகு மட்டும்தான் தெரிந்தது. மேடம் ஏதோ கேட்டார். முதுகு அசையவில்லை. மேடம் முன்னால் குனிந்து இன்னொரு தரம் கேட்டார். மேஜையிலிருந்த தண்ணீர் பாட்டிலை அவர் பக்கம் நகர்த்தினார். அவர் அதைத் தொடவில்லை.

மத்தியானம் ஒரு கையெழுத்துக்காக மேடத்திடம் போனேன். "உங்க ஊர்க்காரர்தானே அந்த தர்மராஜ்? பாவம், ரொம்ப நல்ல மனுஷன் போலிருக்கு. பயத்துல ஒரு வார்த்தை கூட வரல," என்றார். அவருக்குத் தெரிந்ததெல்லாம் வார்த்தைதான் மேடம் என்று சொல்லத் தோன்றியது. அப்போது அதை எப்படி விளக்குவது என்று எனக்கே தெரியவில்லை. என்ன நடந்தது என்று அவர் வாயால் கேட்டது சாயங்காலம்தான்.

பஸ் இன்னும் வரவில்லை. கேட்டுக்கு உள்ளே, ஷெட்டுக்கு அடியில் நின்றுகொண்டிருந்தார். அருகில் போய் நின்றேன். நான் கேட்காமலே பேசினார்.

"நல்லாத்தான் கேட்டாங்க தம்பி அந்தம்மா. வை டூ யூ வாண்ட் திஸ் ஜாப். அம்மாஞ் சின்ன வார்த்தைங்க. ஒண்ணு வுடாம எனக்குத் தெரியும்."

"அப்புறம் ஏண்ணே?"

"வாண்ட்னு சொன்னாங்களா? வோணும். அது வந்த ஒடனே பின்னாலயே வாண்டு வந்து நிக்குது, மந்திரக்கோலு. அப்பால வான், வெளுத்துப் போனது. வேன், நெலா தேயறது. அத்த தள்ளிட்டுப் பாத்தா ஜாப். வேலை. அதுக்கு ஜேப், குத்தறது. ஜிப், கப்பலுக்கு முன்னால கட்ற பாய். ஒருத்தன கூப்ட்டா அண்ணன் தம்பி பங்காளி எல்லாம் வந்து வாசல்ல நின்னுக்கறானுங்க. கேட்ட கேள்வி எங்க போச்சின்னே தெரில. நான் அதுங்கள வெரட்டிகினே ஒக்காந்துகினு இருந்தேன்."

அவர் கையிலிருந்த சாப்பாட்டுப் பையை வாங்கிக்கொண்டேன்.

"அப்பால, தமிழ்லயே சொல்லுங்க, பரவால்லன்னாங்க."

"சொன்னீங்களா?"

"நோ மேடம், இங்கிலீஷ்னேன். தமிழ்ல சொல்றதுக்கு இத்தினி வருசம் நான் இன்னாத்துக்குப் படிச்சேன்? கொஞ்ச நேரம் இருந்தா ஒண்ணு சேந்துக்கும்னு பாத்தேன். சேரல. தேங்க் யூன்னாங்க. எழுந்து வந்துட்டேன்."

பஸ் வந்தது. ராமதாஸ் கதவைத் திறந்ததும் முதல் கேள்வி, "இன்னா ராஜா, சட்டை மாறிச்சா?" அவர் ஏறித் தன் சீட்டுக்குப் போனார். பதிலை நான் கண்ணாலேயே சொன்னேன்.

முடிவு அடுத்த வாரம் வந்தது. சீனுவுக்கும், வேறொரு லைனில் இருந்த ஒரு பையனுக்கும் கிடைத்தது. சீனு திருக்கழுக்குன்றத்திலேயே மைசூர் பாகு வாங்கிக்கொண்டு ஏறினான். அவன் மேல் தப்புச் சொல்ல ஒன்றும் இல்லை. இருந்ததை மனப்பாடம் செய்தான், அதைச் சொன்னான். ஆனாலும் தர்மராஜ் அண்ணன் முன்னால் வந்தபோது டப்பாவை நீட்டத் தயங்கினான்.

"அண்ணாத்த, நான் சொம்மா போய்ப் பாக்கலாம்னுதான் போனேன்..."

"இன்னாத்துக்குடா அழுவற மாதிரி சொல்ற? குடு." ஒரு துண்டு எடுத்து வாயில் போட்டுக்கொண்டு, அவன் தோளில் தட்டினார். "நீலம் ஒனக்கு நல்லா எடுக்கும்."

பஸ் கிளம்பியது. எப்படியாவது பழையபடி ஆக்கிவிட வேண்டும் என்று ராமதாஸுக்கு. செங்கல்பட்டுக்கு முன்னால் ஒரு வேன் குறுக்கே வந்ததும், "ஏ, எக்ஸ்!" என்று கத்தினார். ஏ, எக்ஸ் எங்கள் பஸ்ஸில் எல்லோருக்கும் தெரியும். டேக்ஸ் தெரியாதவன் கிடையாது. ஒருவரும் வாயைத் திறக்கவில்லை. எல்லோரும் டிரைவருக்குப் பின்னால் இருக்கிற சீட்டையே பார்த்துக்கொண்டிருந்தோம்.

தர்மராஜ் அண்ணன் எழுந்தார். சீட்டை விட்டு வெளியே வந்து, மேலே இருந்த கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றார்.

"ஒக்காருண்ணாத்த, இன்னா இது?" என்றார் ராமதாஸ், கண்ணாடியில் பார்த்தபடி.

"தோத்தவன் நிக்கணும்."

"இன்னும் ஆட்டமே ஆரம்பிக்கல..."

"தோத்தாச்சி. நீ வண்டிய பாத்து ஓட்டு."

விளையாட்டாகச் சொல்கிறார் என்றுதான் நினைத்தோம். சிங்கப்பெருமாள் கோயிலில் சீனு அவர் கையைப் பிடித்து இழுத்து உட்கார வைக்கப் பார்த்தான். அவர் கையை விடுவித்துக்கொண்டார், கோபமாகக் கூட இல்லை. அன்று சாயங்காலம் திரும்பும்போதும் நின்றார். மறுநாளும் நின்றார். நிற்பவர் உட்கார வேண்டுமென்றால் இன்னொருவன் தோற்க வேண்டும். அவரிடம் போட்டி போட்டுத் தோற்க நாங்கள் அத்தனை பேரும் தயாராக இருந்தோம். ஆனால் அவர் ஆட வரவில்லை. அவர் ஆடாமல் எங்களால் தோற்கவும் முடியவில்லை. அந்த ஜன்னல் சீட்டு காலியாகவே போய் வந்தது. அதில் உட்கார யாருக்கும் மனம் வரவில்லை. ராமதாஸ் எழுத்து கத்துவதை விட்டார். ஒரு நாள் முதல் ஆளாக யாரோ போனை எடுத்தார்கள். அதோடு எல்லோரும் எடுத்தார்கள்.

சீனு சில நாட்களில் நீலச் சட்டையோடு வந்தான். லைனில் பர்மனெண்டானவர்களுக்குத் தனி பஸ் உண்டு. அதில் மாறிக்கொண்டான். அவர் நிற்பதைப் பார்க்க முடியவில்லை என்று என்னிடம் சொன்னான்.

ஆடி வந்தது. அண்ணனுடைய மாமியார் போன் செய்து கேட்டபோது, "மாறாதும்மா, இனிமே கேக்காதே," என்று ஜெயப்பிரியா அண்ணியே சொல்லிவிட்டாராம். அதற்குப் பிறகு அந்த அம்மாள் அதைக் கேட்பதில்லை. போன் வருவதே குறைந்துவிட்டது. புரட்டாசி வாக்கில் கான்ட்ராக்டர் மாறினார். புது கான்ட்ராக்டர் இளம் பையன்களாகப் பார்த்து எடுத்துக்கொண்டார். வயதானவர்கள் என்று சிலரை நிறுத்திவிட்டார்கள். முப்பத்தைந்து தாண்டிய தர்மராஜ் அண்ணன் வயதானவர். சட்டைகளைத் துவைத்து மடித்து ஸ்டோர்ஸில் கொண்டுவந்து கொடுத்தார். திரும்ப வாங்கி வைக்கிற வேலை என்னுடையது. காலரில் நூல் விட்டுப்போன இடத்தில் அண்ணி அதே கலர் நூலில் தைத்திருந்தார். "பாத்துக்கோ தம்பி, பட்டன் எல்லாம் சரியா கீது," என்றார். கடைசி நாள் சாயங்காலமும் நின்றுகொண்டுதான் ஊருக்கு வந்தார்.

அதற்குப் பிறகு ஒருமுறை, என் தங்கை கல்யாணத்துக்குப் பத்திரிகை வைக்க அவர் வீட்டுக்குப் போனேன். அவர் இல்லை. அண்ணி மிஷினில் உட்கார்ந்திருந்தார். தரை கோணலாக இருந்ததால் மிஷினின் ஒரு காலுக்கு அடியில் அந்த அகராதி இருந்தது. நான் அதைப் பார்ப்பதை அவர் பார்த்துவிட்டார்.

"நான் வெக்கல. அவருதான் வெச்சாரு," என்றார். "பழைய செங்கல் ஒண்ணு கீதே, அத்த வைன்னேன். இது போதும்னாரு. சில நாள் சாப்புடும்போது நடுவுல நிறுத்திட்டு எங்கயோ பாத்துகினு இருக்காரு, கார்த்தி. இன்னான்னு கேட்டா, வந்துட்டானுங்கன்றாரு. யாருன்னு நான் கேக்கறதில்ல."

இந்த வருஷம் மாசி மாதத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமை, அப்பா அம்மாவைக் கூட்டிக்கொண்டு மாமல்லபுரம் போனேன். என் சம்பளத்தில் வாங்கிய பழைய கார். எங்கள் தெருவுக்கு வந்த முதல் கார் அதுதான். கடற்கரைக் கோயிலுக்குப் போகிற வழியில் கார் நிறுத்தும் இடம். வெயில் கண்ணைக் குத்தியது. விசில் ஊதியபடி ஒருவர் வண்டிகளை வரிசையில் விட்டுக்கொண்டிருந்தார். "கம், கம், கம். லெஃப்ட். ஸ்டாப்." குரலைக் கேட்டதும் அம்மாதான், "நம்ம தர்மராசு இல்ல?" என்றாள்.

கறுத்துப் போயிருந்தார். இளைத்தும் இருந்தார். என்னைப் பார்த்ததும் சிரித்தார். அம்மா அப்பாவிடம் நலம் விசாரித்தார். காரைச் சுற்றி வந்து, "நல்லா கீது தம்பி, நல்லா கீது," என்று கதவைத் தட்டிக் கொடுத்தார். டோக்கன் கட்டிலிருந்து ஒன்றைக் கிழித்து, என் வண்டி நம்பரின் கடைசி நாலு இலக்கத்தை எழுதினார்.

பக்கத்தில் ஆந்திராவிலிருந்து வந்த ஒரு வேன் நின்றது. பின்பக்கம் பார்த்தேன். அடக்க முடியவில்லை.

"அண்ணே," என்றேன். "ஈ, டபிள்யூ."

அவர் வேனைத் திரும்பிப் பார்க்கவில்லை. டோக்கனை என் கையில் வைத்தார்.

"நான் எழுத்து பாக்கறதில்ல தம்பி. இங்க நாலு நம்பர் போதும். எழுத்து எழுதறதுக்குக் காயிதத்துல எடமும் இல்ல."

ஒரு வெள்ளைக்காரப் பெண் கையில் போனோடு அவரிடம் வந்து ஏதோ கேட்டார். சாதாரணமான கேள்வி. கலங்கரை விளக்கத்துக்கு எப்படிப் போவது, நடந்து போக முடியுமா என்று. தர்மராஜ் அண்ணன் கேட்டுக்கொண்டே நின்றார். அவர் கண் அந்தப் பெண்ணின் வாயைப் பார்த்தது, பிறகு எங்கேயோ தூரத்தில் போனது. அங்கே யார் யாரோ வந்து நிற்கிற மாதிரி. பிறகு விசிலை வாயில் வைத்துக்கொண்டு, கையை மட்டும் நீட்டி வழி காட்டினார். அந்தப் பெண் நன்றி சொல்லிவிட்டுப் போனார்.

"வெயில்ல நிக்கறியேப்பா, செத்த நேரம் ஒக்காரேன்," என்றாள் அம்மா.

"பழக்கமாச்சி பெரீம்மா," என்று சொல்லிவிட்டு, அடுத்து வந்த வண்டியைப் பார்த்து நடந்தார்.

அவருக்கென்று போட்டிருந்த பெரிய குடைக்கு அடியில் ஒரு பிளாஸ்டிக் நாற்காலி இருந்தது. உட்கார்ந்த அடையாளம் இல்லாமல், கடற்கரைத் தூசு படிந்து கிடந்தது.